கை தூக்கினால்

நெசவு மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு வாய் என்று வெளியாட்கள் கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. தறிகள் வரிசை வரிசையாக ஓடும் ஷெட்டுக்குள் இடி விழுந்தால்கூடக் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. உதட்டை நன்றாக விரித்தும் சுழித்தும் பேசுவார்கள், எதிரில் இருப்பவர் கண்ணால் கேட்டுக்கொள்வார். இந்தக் கோடியில் ஒருத்தி மாமியாரைத் திட்டினால் அந்தக் கோடியில் ஒருத்தி சிரிப்பாள். வருடக்கணக்கில் இப்படி ஓட்டியவர்கள் ஷெட்டை விட்டு வெளியே வந்தால் அது வேறு கூத்து. காது பாதி போயிருக்கும், தான் பேசுவது தனக்கே சரியாகக் கேட்காது. பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொன்னால் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும்.

அங்கே தறி பழுது பார்த்த ஃபிட்டருக்குக் கல்யாணம் ஆனதே அந்த ஊமைப் பேச்சில்தான். அவர் ஷெட்டின் தலைமாட்டில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். அவள் கடைசி வரிசையில் தறி ஓட்டினாள். அறுந்த இழையை அவளைப் போலச் சட்டென்று முடிச்சுப் போட ஆளில்லை, அதனால் அவளுக்கு முடிச்சு என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் அவர் இந்தக் கோடியிலிருந்து உதட்டை அசைத்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். நடுவில் இருந்த அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டார்.

அந்த ஷெட்டில் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. யாருக்காவது ஆபத்து என்று கண்ணில் பட்டால் கத்தக் கூடாது, கத்தி என்ன பயன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பார்த்தவர் தானும் தூக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அப்படியே கை மாற்றிக் கை மாற்றி அது ஃபிட்டர் கண்ணுக்கு வந்து சேரும். அவர் சுவிட்சை இழுத்து அத்தனை தறியையும் நிறுத்துவார். ஒருமுறை ஒருத்தியின் தலைமுடி பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அவள் வாய் மட்டும் அசைந்ததை முடிச்சுதான் முதலில் பார்த்துக் கை தூக்கினாள். அந்தப் பெண்ணுக்கு நெற்றிக்கு மேல் ஒரு பிடி முடி போயிற்று, உயிர் மிஞ்சியது. போகிற விருந்தில் எல்லாம் ஃபிட்டர் இந்தக் கதையைச் சொல்லாமல் கை கழுவ மாட்டார். சொல்லச் சொல்ல அவருடைய கண் கூர்மையாகிக்கொண்டே வந்தது, மனைவியின் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கதையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

இவ்வளவு தைரியசாலிக்கு ஒரே ஒரு பயம்தான். நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அந்த நாலு பேர் யார் என்று முடிச்சும் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள், இன்றுவரை அவர் ஒருத்தரைக் கூடக் காட்டவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பயம் முற்றிப்போனது. பந்தியில் முடிச்சு அவர் காதோரம் குனிந்து, "சம்பந்திக்கு மேல்வரிசை பூரா பல்செட்டு, கவனிச்சீங்களா?" என்று ரகசியம் சொன்னாள். பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை, சிரித்தால் பல்செட்டு தெரியும் அல்லவா. அன்றைக்கு ஃபிட்டருக்கு மானம் கப்பலேறிவிட்டது. அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும் மனைவியின் வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் கூட்டிப் போவார்.

முடிச்சுக்கு ஐம்பது வயதானபோது மகள் இரண்டு நாடக டிக்கெட் அனுப்பினாள், பெருநகரத்தில், பெரிய அரங்கத்தில், மதியக் காட்சி. முடிச்சுக்கு டிவி பிடிக்காது. "யாரோ பேசறப்ப வேற யார் மூஞ்சியையோ காட்டறாங்க, உதட்டைப் பாக்கவே விடறதில்ல" என்பாள். நாடகம் என்றால் ஆள் முழுசாக நிற்பான், வாய் முழுசாகத் தெரியும். சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் ஒரே ஒரு நாடகம் பார்த்தாள், அதையே இன்னும் மென்றுகொண்டிருந்தாள். டிக்கெட் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

காலை பஸ்ஸில் போனார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் மடியில் இருந்தன. வழி நெடுக இருவரும் சத்தமில்லாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். முன் சீட்டுக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது, அதன் தாய் "பாவம், அப்படிப் பாக்கக் கூடாது" என்று அதன் தலையைத் திருப்பிவிட்டாள். முடிச்சு அதையும் படித்துவிட்டுச் சிரித்தாள். ஊர் நெருங்கும்போது ஃபிட்டர் வழக்கமான வேலையை ஆரம்பித்தார்.

"உள்ள போனா வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பொறந்தநாள் அதுவுமா வாயத் தைக்கறீங்களே."

"பெரிய மனுஷங்க வர்ற எடம். நாலு பேர்..."

"சரி சரி, அந்த நாலு பேருக்காகத் திறக்கல. சத்தியம்." அவள் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். பொத்திய கைக்குப் பின்னால் சிரிக்கிறாள் என்று கண்ணிலேயே தெரிந்தது.

அரங்கத்தைப் பார்த்ததும் ஃபிட்டருக்கே வாயில் ஈ போவது தெரியவில்லை. பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்தது போல இருவரும் படியில் நின்று அண்ணாந்தார்கள். உள்ளே சிவப்பு மெத்தை நாற்காலிகள், கால் புதையும் விரிப்பு, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு மெத்தென்ற அமைதி. மகள் வாங்கியது மாடியில் பக்கவாட்டு இடம், விலை குறைவு. முன்னால் ஒரு தூண், மேடையின் நடுப்பகுதியை மறைத்தது. ஆனால் மேடையின் இந்த ஓரம் நேர் கீழே, கிணற்றுக்குள் பார்ப்பது போலப் பக்கத்தில் தெரிந்தது. முடிச்சு தூணை ஒரு முறைப்பு முறைத்தாள், பிறகு மன்னித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் இருந்தார். ஃபிட்டர் அவருக்கு வணக்கம் சொன்னார், அது கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது போலும், அந்த அம்மாள் கைப்பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

நாடகம் ஒரு குடும்பக் கதை. பெரிய வீடு, பிடிவாதக்காரக் கிழத் தகப்பன், வீட்டை விற்கத் துடிக்கும் பிள்ளைகள். வசனம் இவர்கள் காதுக்கு வந்து சேரவில்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உதட்டிலிருந்தே அத்தனையும் வந்தது. சொல்லப்போனால் மற்றவர்களுக்குக் கிடைக்காததும் இவர்களுக்குக் கிடைத்தது. மகளாக நடித்தவள் அண்ணனைக் கட்டிப்பிடித்து அழும்போது அவன் தோளுக்குப் பின்னால், "வெங்காயம் தின்னுட்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று குரலில்லாமல் பல்லைக் கடித்தாள். முடிச்சுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. ஃபிட்டரும் அடக்க முடியாமல் ஒரு கனைப்புக் கனைத்தார். முத்துமாலை அம்மாள் கையை உயர்த்த, டார்ச் பிடித்த சிப்பந்தி வந்து நின்றான். "இன்னொரு தடவை சத்தம் வந்தா வெளிய அனுப்ப வேண்டியிருக்கும் சார்." அவன் உதடு மரியாதையாகத்தான் அசைந்தது. ஃபிட்டருக்குக் காது மடல் வரை சுட்டது. மகள் கல்யாணப் பந்தியில் சுட்ட அதே சூடு.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பெரியவராக நடித்தவர் இந்த ஓரத்துக்கு வந்து, வேலைக்காரனாக நடித்தவனிடம் உதட்டை மட்டும் அசைத்து, "தண்ணி கொண்டாந்து பக்கத்துல வை. ஒரு மாதிரி இருக்கு" என்றார். இருவரும் அதைப் படித்தார்கள். இடைவேளையில் முடிச்சு அதைப் பற்றிக் கவலைப்பட்டாள். "வேர்த்துக் கொட்டுதே அவருக்கு, வயசானவரு" என்றாள். "விளக்குச் சூடு" என்றார் ஃபிட்டர். அவருக்கு முத்துமாலை அம்மாள் எப்போது திரும்பி வருவார் என்பதே கவலையாக இருந்தது.

இரண்டாம் பாதியில் சண்டை முற்றியது. பெரியவர் கோபித்துக்கொண்டு, பேச மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். அது முதுகு உயர்ந்த நாற்காலி, சபைக்கும் பிள்ளைகளுக்கும் முதுகைக் காட்டி, மேடையின் இந்த ஓரத்தில் இந்தப் பக்கம் பார்க்கப் போட்டிருந்தார்கள். கீழே இருந்தவர்களுக்கு நாற்காலியின் முதுகும் அவர் கை ஒன்றும்தான் தெரியும். பிள்ளைகள் மேடையின் அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் தெரிந்தது அரங்கத்திலேயே தூணுக்குப் பக்கத்தில் இருந்த அந்த மாடி மூலைக்கு மட்டும்தான்.

முதலில் பார்த்தது ஃபிட்டர். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முடிச்சு அந்தப் பக்கத்துச் சண்டையில் மூழ்கியிருந்தாள். இவர் கண் மட்டும், பழக்கதோஷத்தால், சும்மா இருக்கும் ஓரத்துக்கு ஒருமுறை போய் வந்தது. பெரியவரின் உதடு அசைந்தது. "நெஞ்சு... யாராவது... திரையப் போடுங்க."

எந்த நாடகத்தில் ஒரு தகப்பன் திரையைப் போடச் சொல்லுவான்? நடிப்பாக இருக்கும் என்று ஃபிட்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடிப்பில்லை என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து கத்தலாம். கத்தி, அது நாடகம்தான் என்று ஆகிவிட்டால்? அத்தனை தலையும் திரும்பும், டார்ச் முகத்தில் அடிக்கும், மில்காரனைப் படியில் இறக்கி வெளியே விடுவார்கள், பிறந்தநாளும் பாழாகும். யாராவது பார்த்துக்கொள்வார்கள், மேடைக்குப் பின்னால் ஆட்கள் இல்லாமலா இருப்பார்கள். அவர் கண்ணை அந்தப் பக்கத்துச் சண்டைக்குத் திருப்பி அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்.

விலாவில் முழங்கை இடித்தது. முடிச்சு பார்த்துவிட்டாள்.

"பெரியவரப் பாருங்க," என்றது அவள் உதடு. "நெஞ்சு வலின்னு சொல்றாரு. திரையப் போடச் சொல்றாரு."

அவர் பார்க்காதது போல இருந்தார். அடுத்த கணம் அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை, சத்தியம் பண்ணியிருந்தாள் அல்லவா. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நேராகத் தூக்கினாள். கடைசி வரிசையில் நின்று தூக்குவாளே, அதே தூக்கு.

அந்த அரங்கத்தில் எத்தனை நூறு பேர் இருந்தார்களோ, அந்தக் கைக்கு அர்த்தம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பின்னால் இருந்து யாரோ, "கையை இறக்கும்மா, மறைக்குது" என்றார்கள். முத்துமாலை அம்மாள், "கடவுளே, மறுபடியுமா" என்று நெற்றியில் கை வைத்தார். டார்ச் வெளிச்சம் படியேறி வந்தது. ஃபிட்டர் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இழுத்தார்.

"உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பெரியவரு..."

"நடிக்கறாரு. நாடகம். உக்காரு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக அவளுக்கு ஒரு பழக்கம். கை தூக்குவது அவள் வேலை, சுவிட்சை இழுப்பது ஃபிட்டர் வேலை. பார்த்த பிறகும் ஃபிட்டர் இழுக்கவில்லை என்றால் அது ஆபத்தில்லை, நாம்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம். அந்த நம்பிக்கையில் அவள் உட்கார்ந்தாள். டார்ச் கொஞ்ச நேரம் அவள் மடியில் நின்றுவிட்டு அணைந்தது. அவர் மணிக்கட்டுகளை விடவில்லை. கீழே பெரியவரின் உதடு இன்னும் சிலமுறை அசைந்தது, சொல் சேரவில்லை. கடைசியாக "தண்ணி" என்பது மட்டும் ஃபிட்டருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் குவளை நாற்காலிக்குப் பக்கத்திலேயே, எட்டும் தூரத்தில் இருந்தது.

நாடகத்தின் முடிவில் பெரியவருக்கு ஒரு வசனம் இருந்திருக்க வேண்டும். எல்லாரும் நாற்காலியைப் பார்த்து நின்றார்கள், வசனம் வரவில்லை. மகளாக நடித்தவள் கெட்டிக்காரி, மறந்துவிட்டார் என்று எண்ணித் தானே ஏதோ சொல்லி முடித்தாள். திரை விழுந்தது. கைதட்டல் அடங்கவில்லை, இவர்களுக்கே நாற்காலி வழியாக அந்த அதிர்வு ஏறியது. திரை மறுபடி விலக, நடிகர்கள் வரிசையாக நின்று குனிந்தார்கள். மகளாக நடித்தவள் சிரித்த முகத்தோடு நாற்காலிப் பக்கம் வந்து, "ஐயா, எழுந்திருங்க, எல்லாரும் நிக்கறாங்க" என்றாள். பிறகு, "ஐயா?" சபைக்காகப் போட்ட சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருக்க உதடு மட்டும், "கை சில்லுன்னு இருக்கு, கை சில்லுன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவசரமாகத் திரை விழுந்தது. கீழே ஜனங்கள் எழுந்து நின்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். முத்துமாலை அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

முடிச்சு தட்டவில்லை. அவர் பிடியிலிருந்து தன் கைகளை மெதுவாக உருவிக்கொண்டாள்.

கீழே நடைக்கூடத்தில் கூட்டம் கலைய மாட்டேன் என்று நின்றது. சபையில் டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டு ஒருவரை உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். மேடைக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடிக் கதவு, பூட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அந்த டாக்டரும் அரங்க மேனேஜரும் நின்று பேசினார்கள். இந்தப் பக்கம் நின்ற யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு பேரைத் தவிர.

"கொஞ்சம் முன்னாடி யாராவது கவனிச்சிருந்தா பிழைச்சிருப்பாரு," என்றார் டாக்டர்.

"அவர் மூஞ்சி யாருக்குமே தெரியாதே டாக்டர். நாற்காலி அப்படித் திரும்பியிருக்கு."

முடிச்சு கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஃபிட்டர் அவள் முழங்கையைத் தொட்டு வெளியே அழைத்து வந்தார். வாசல் படியில் வெயில் இன்னும் இருந்தது. ஆம்புலன்ஸ் அவசரமே இல்லாமல் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க பாக்கலையா?" அவள் குரலில்லாமல்தான் கேட்டாள்.

"நான் சண்டையைப் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

"நான்தான் சொன்னேனே."

"நடிப்புன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நெனப்பாங்க?"

அவள் யோசித்தாள். அவரைத் தப்பிக்க விடுவதற்கு அவளும் தன்னால் முடிந்தவரை பார்த்தாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கடைசியில் கேட்டுவிட்டாள்.

"நான் கை தூக்கினேன். கை தூக்கினா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஃபிட்டர் சட்டைப் பையில் பஸ் சில்லறையைத் தேட ஆரம்பித்தார். அவள் திரும்பி பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முகத்தைக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டாள். மற்றப் புருஷன் பெண்டாட்டிக்கு இது சாதாரணக் கோபம், முதுகோடு பேசிச் சமாதானம் செய்துவிடலாம். இவர்களுக்குள் முகத்தைத் திருப்பினால் பேச்சுக்கு வழியே அடைபட்டுப் போகும். ஷெட்டில் ஒருவர் தோளைத் தட்டினால் எவ்வளவு வேலையிருந்தாலும் திரும்பிவிட வேண்டும், பகையாளிகூடத் திரும்புவான். ஃபிட்டர் அவள் தோளைத் தட்டினார். அவள் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். ரொட்டிப் பையில் மிச்சமிருந்த ஒரு முட்டையை உரித்து அவள் மடியில் வைத்தார், அது பஸ் குலுக்கலில் உருண்டு கீழே போயிற்று.

வெளியே வயலும் கம்பமும் மங்கிக்கொண்டு வந்தன. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிய ஆரம்பித்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. தன்னிடம்தான் ஏதோ சொல்கிறாளோ என்று அவர் ஆசையாகக் குனிந்து பார்த்தார். "யாராவது... திரையப் போடுங்க... யாராவது..." அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஃபிட்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பாத்தேன்!" என்று கத்தினார். இருபது தறி ஓடினாலும் கேட்டிருக்கும். "நானும் பாத்தேன்! உனக்கு முன்னாடியே பாத்தேன்! பாத்துட்டுத்தான் உன் கையப் பிடிச்சேன்!"

பஸ் முழுக்கத் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை வீறிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடி வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் இருக்கையைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, "என்ன பெரியவரே, வண்டிய நிறுத்தணுமா?" என்று கேட்டார்.

முடிச்சு இப்போது திரும்பினாள். அழுதிருந்த கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்தாள். குரலே இல்லாமல், உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரியும்படி சொன்னாள்.

"உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் முகத்தை மறுபடி ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள்.